பின்வரிசைக்கு வரும் மைக்

"இன்னைக்கு எங்க வீட்ல உருளைக்கிழங்கு அடிப்பிடிச்சிருச்சு. எங்க வீட்டுக்காரரு ஒண்ணுமே சொல்லாம சாப்பிட்டுட்டு எழுந்து போயிட்டாரு. அதான் எனக்குப் பயமா இருக்கு."

நகராட்சி மன்றத்தின் நான்கு மூலைகளிலும் இருக்கும் ஒலிபெருக்கிகள் வழியாக இந்தச் செய்தி வெளிவருகிறது. நாற்காலி தேடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தபடி உட்காருகிறார்கள். வேறு யாராவது மைக்கைச் சோதித்தால் "ஹலோ, ஹலோ, ஒன்று, இரண்டு" என்பார்கள். மைக் அக்காவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணினால் எவன் திரும்பிப் பார்ப்பான், வீட்டு விஷயம் என்றால் கடைசி வரிசைக்காரனும் காதைத் தீட்டிக்கொள்வான், அவன் சிரித்தால் செட் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் என்பார். இந்தச் சோதனை முறையால் அவருடைய அடுக்களையில் கருகியதும் தீய்ந்ததும் ஊருக்கே தெரியும். பாவம், லாரி ஓட்டும் அவர் கணவர், ஊருக்குள் தலை காட்டினால் போதும், இன்றைக்காவது சாப்பாடு கிடைத்ததா என்று விசாரிக்க ஆள் இருக்கிறது.

சோதனை முடிந்ததும் செருப்பைக் கழற்றி வாசலோரம் விட்டுவிடுவார். மன்றத்துக்குள் வெறுங்காலோடுதான் நடப்பார். பேசுகிறவர் பேசும்போது செருப்புச் சத்தம் குறுக்கே வரக்கூடாதாம். குள்ளமான உருவம், தோளில் ஈரம் துடைக்க ஒரு துண்டு, இடுப்பில் மாற்று பேட்டரி வைத்த சுருக்குப் பை. வயதில் மூத்தவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நகராட்சித் தலைவி மேடையில் இருந்தபடி, "அக்கா, அந்தப் பக்கம்" என்பார். அக்கா அந்தப் பக்கம் போவார். ஆனால் தலைவி காட்டிய ஆளிடம்தான் போவார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

மைக்கை அவர் யாரிடமும் முழுசாகக் கொடுத்ததில்லை. வால் பக்கத்தைத் தன் பிடியிலேயே வைத்துக்கொள்வார். "குழந்தை கையில கத்தி, பெரிய மனுசன் கையில மைக், ரெண்டும் திரும்பி வராது" என்பது அவருடைய அனுபவம். மைக்கைத் தட்டிப் பார்க்கிறவர், விழுங்கப் போகிறவர், கத்திக்கொண்டே அதைத் தூரமாகப் பிடிக்கிறவர் என்று ஒவ்வொருவரையும் தெரிந்து வைத்திருக்கிறார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல எழுந்தால் நெருப்பைக் கண்டுபிடித்த காலத்திலிருந்து ஆரம்பிப்பார். அவர் பேச்சு நீண்டால் அக்கா குறுக்கிடுவதில்லை. அடுத்துப் பேச வேண்டியவரைப் பார்த்து, "இதோ வந்துட்டேன்" என்பது போலத் தலையை ஆட்டுவார். வாத்தியாரும் மனுசன்தானே, முடித்துவிடுவார்.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். அழக் கூச்சப்படுகிற பிள்ளையைத் தேடிப் போவதுதான் அக்காவின் வேலை. கை தூக்கியவர்களைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை, அவர்கள் எப்படியும் பேசிவிடுவார்கள். தூக்கப் போன கையால் தலையைச் சொறிந்துகொள்பவர்கள், கைப்பை வாரை முறுக்குபவர்கள், பக்கத்து ஆளை இடித்து "நீ சொல்லேன்" என்பவர்கள், இவர்கள்மேல்தான் அவருக்குக் கண். அப்படித்தான் ஒருமுறை, குழாய்த் தொழிலாளியின் மனைவியிடம் மைக் போய் நின்றது. தண்ணீர்க் கசிவைத் தேடி நகராட்சி ஒரே தெருவை மறுபடியும் மறுபடியும் தோண்டிக்கொண்டிருந்த சமயம். எதிர்ப்பக்கச் சுவரோரம் பழைய குழாய் ஒன்று போகிறது, தன் வீட்டுக்காரர் இளவயதில் போட்டது, அவர் கூச்சப்பட்டுக்கொண்டு வரவில்லை என்றாள் அவள். மறுநாள் கசிவு அங்கேயே அகப்பட்டது. நகராட்சிப் பொறியாளர் நல்ல மனிதர், அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அந்தத் தம்பதிக்கு நன்றி சொன்னார். பிறகு அக்காவைத் தேடி வந்து தனியாக ஒரு நன்றி சொன்னார். நான் என்ன செய்தேன், சும்மா நடந்தேன் என்று அக்கா பேட்டரியை மாற்றப் போய்விட்டார்.

இந்த நடைக்குக் காரணம் இருக்கிறது. அக்கா முன்பு ஒரு மைக் செட் கடையில் தரை கூட்டி ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தவர். வயதான முதலாளி, மகனோடு போய் இருக்கப்போகிறேன் என்று கடையை மூடியபோது, வேலை பார்த்தவர்கள் எல்லோரும் நடுத்தெருவில் நின்றார்கள். நின்ற இடத்திலேயே பேசி, சாமான்களைத் தாங்களே வாங்கிக் கூட்டுறவாக நடத்துவது என்று முடிவு செய்தார்கள். ஆளுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு ஓட்டு. சாமான் வந்தது, வைக்க இடமில்லை. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பூட்டிக் கிடந்த அறையை நகராட்சி வாடகையில்லாமல் திறந்துவிட்டது. பதிலுக்கு ஊர்க்கூட்டம் எதுவானாலும் செட் இலவசம். கல்யாண வீட்டில் சம்பாதித்து நகராட்சிக் கூட்டத்துக்கு உழைப்பது என்று அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு.

"முதலாளியும் நான்தான், தரையைக் கூட்டறவளும் நான்தான். குப்பை கிடந்தா யாரைத் திட்டறதுன்னு தெரியல" என்று அக்கா சலித்துக்கொள்வார். அந்தச் சலிப்பில் இருக்கும் பெருமையைக் கேட்க வேண்டும். தொட்டி கசியும், சுவர் வியர்க்கும், பெட்டிகளைப் பலகைமேல் ஏற்றி வைக்க வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் திறக்கும்போது அவருக்கு நெஞ்சு நிறைந்துபோகும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்களே, இந்த ஊர் தனக்கு உப்பிட்டது என்று அவர் நினைக்கிறார். முன்பெல்லாம் கூட்டங்களில் மேடையில் மட்டும்தான் மைக் இருக்கும். கேள்வி ஏதாவது உண்டா என்பார்கள், கீழே யாரோ ஏதோ முனகுவார்கள், இல்லை என்று எழுதிக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். கூட்டுறவின் முதல் ஊர்க்கூட்டத்தில் அக்காதான் மேடை மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். ஒயர் பாதி மன்றம்வரைதான் வந்தது. அங்கேயே நின்றுகொண்டு, "மிச்ச தூரம் நீங்க வாங்க" என்றார். ஒருத்தி வந்தாள். அதன் பிறகுதான் ஒயர் இல்லாத மைக் வாங்கினார்கள்.

வீட்டிலும் இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. பிள்ளைகள் சண்டை போட்டால் கரண்டியை ஒருவன் வாய்க்கு நேரே நீட்டி, "நீ சொல்லு" என்பார். பிறகு அடுத்தவளுக்கு. கரண்டி வராமல் யாரும் பேச முடியாது. கணவர்தான், எனக்குக் கரண்டி வருவதே இல்லை என்று குறைப்படுவார்.

போன கூட்டத்துக்கு முன்னால் ஒரு சேதி வந்தது. தொட்டிக்கு எதிரே நகராட்சி மருத்துவமனை இருக்கிறது. அதன் வாசலில் நோயாளிகள் வெயிலிலும் மழையிலும் வரிசையில் நிற்கிறார்கள். தொட்டிக்குக் கீழே உள்ள அறையை அவர்கள் உட்கார்ந்து காத்திருக்கும் இடமாக மாற்றலாமா என்று அந்தத் தெருக்காரர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். நகராட்சியிடம் வேறு கட்டடம் இல்லை. கூட்டத்தில் பேசி, கை தூக்கி முடிவு செய்வது என்றார் தலைவி. அறை போனால் வெளியே இடம் பிடிக்க வேண்டும். அந்த வாடகையைக் கூட்டுறவு தாங்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கூட்டத்தன்று காலை கூட்டுறவு உறுப்பினர்கள் அறையில் கூடினார்கள். நீயே எழுந்து பேசு, நீ பேசினால் ஊர் மறுக்காது என்றார்கள். அது மட்டும் முடியாது என்றார் அக்கா. மைக்கைத் தூக்குகிறவள் மைக்கில் பேசினால் அப்புறம் அதை எவர் நம்பி வாங்குவார்? ஆம்ப்ளிஃபயர் பார்க்கும் பெட்டி அண்ணன் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். முதலாளி காலத்திலிருந்து அக்காவோடு வேலை பார்ப்பவர், மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"பேச வேணாம். நீ பாட்டுக்கு எப்பவும் போல நட. ஆஸ்பத்திரித் தெருக்காரங்க உக்கார்ற பக்கம் மட்டும் போகாத. ஒரு நாள்தானே, அக்கா."

அக்கா துண்டை எடுத்து மைக்கைத் துடைக்கத் தொடங்கினார். அண்ணன் சொன்னது தப்பு என்றும் அக்காவுக்குத் தோன்றவில்லை. மூன்று பெண்களும் அக்காவின் மடியில் வளர்ந்தவர்கள்.

மாலையில் மன்றம் நிரம்பி வழிந்தது. அக்கா மைக்கை எடுத்து "ஹலோ, ஹலோ" என்று மட்டும் சொன்னார். கூட்டம் நிமிர்ந்து பார்த்தது. பிறகு ஊர் பேசியது. ரொட்டிக்கடை அம்மாள், மைக் அக்கா இல்லாவிட்டால் என் தெருவுக்கு விளக்கு வந்திருக்காது என்றார். தையல்காரர் ஒருவர், வாழ்க்கையிலேயே நான் நாலு பேர் முன்னால் வாய் திறந்தது இந்த மைக்கில்தான் என்றார். கணக்கு வாத்தியார்கூட நேரே விஷயத்துக்கு வந்தார். கைத்தட்டல் ஒவ்வொன்றும் அக்காவின் கண்ணை நனைத்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நடந்தார். இந்த ஜனங்களுக்கு என்ன செய்து தீர்க்கப் போகிறோம் என்று இருந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை நேரமாகியும் அறையைக் கேட்டு ஒருவரும் பேசவில்லை. மனுக் கொடுத்தவர்கள் பின்வரிசையில்தான் இருந்தார்கள். அக்கா பக்கத்தில் வந்தால் குனிந்துகொண்டார்கள். மைக்கைப் பிடித்திருப்பவளிடமே போய், உன் அறையைக் கொடு என்று எப்படிக் கேட்பார்கள்? முன்பு மேடையைப் பார்த்து வாயடைத்துப் போனவர்கள், இன்று தன்னைப் பார்த்து வாயடைத்துப் போகிறார்கள் என்று அக்காவுக்குப் புரிந்தது. அது அவருக்குப் பொறுக்கவில்லை.

சுவரோரம் ஓய்வுபெற்ற தபால்காரர் உட்கார்ந்திருந்தார். தொண்டையில் அறுவை சிகிச்சை செய்த பிறகு அவருக்குக் குரல் பாதிதான் திரும்பியது. அவர் மனைவி வாரம் தவறாமல் அந்த மருத்துவமனை வரிசையில் நிற்பவள். அவருடைய கை மேலே எழுந்து, பாதியில் நின்று, காது மடலைத் தடவிவிட்டு இறங்கியது.

"வேற யாரும் பேசணுமா? இல்லைன்னா கை தூக்கிடலாம்" என்றார் தலைவி.

பெட்டி அண்ணன் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பின்வரிசைக்குப் போய்த் தபால்காரர் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

தபால்காரர் மைக்கைக் கையால் மறைத்தார். "வேணாம்மா. உனக்கு எதிரா எனக்கு வாய் வராது."

"எனக்கு எதிரா எதுக்குப் பேசறீங்க? வெயிலுக்கு எதிராப் பேசுங்க."

தபால்காரர் கையை எடுத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். மனைவி வரிசையில் மயங்கி விழுந்த நாளைப் பற்றி. பக்கத்தில் நிழல் இருந்தது, அது பூட்டியிருந்தது என்பதைப் பற்றி. உதடு அசைந்தது, சொல் எழும்பவில்லை. முன்வரிசை திரும்பிப் பார்த்தது. என்ன சொல்கிறார் என்று யாரோ கேட்டார்கள், யாருக்கும் தெரியவில்லை, மன்றத்தில் சலசலப்பு எழுந்தது. மூலையில் பெட்டி அண்ணன் ஆம்ப்ளிஃபயரில் ஒலியைக் கூட்டும் திருகின்மேல் விரலை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் அக்காமேல் இருந்தது.

மைக்கைக் கிழவரின் உதட்டிலிருந்து இம்மியும் நகர்த்தாமல், மற்றக் கையை அக்கா மூலையை நோக்கி நீட்டினார். உள்ளங்கையை மேலே திருப்பி மெல்ல உயர்த்தினார், தோள்வரைக்கும், தலைக்கு மேலேயும், தபால்காரரின் குரல் கடைசிச் சுவரில் மோதித் திரும்பும்வரைக்கும்.