ஐப்பசியில் சிவக்கும் திரை

என் வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. வடகரப்பதியில், தென்னந்தோப்பை ஒட்டிய வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, எங்கெங்கோ இருக்கிற கம்பெனிகளின் இன்டர்நெட்டைப் பார்த்துக்கொள்கிறேன். மடிக்கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்தால், அங்கங்கே இன்டர்நெட்டைப் பிரித்துக் கொடுக்கிற ஸ்விட்ச் பெட்டியும் அதன் துளைகளில் செருகியிருக்கிற வயர்களும் படமாகத் தெரியும். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. நேரில் போகாமல் இங்கிருந்தே எல்லாம் சரிசெய்யலாம் என்று சொல்லித்தான் எங்கள் கோயம்புத்தூர் கம்பெனி இதை விற்கிறது. நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த ஐப்பசியில், வண்டிப்பெரியாருக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் என்னைப் பாடாய்ப் படுத்தியது. மத்தியானத்துக்கு மேல் பெட்டி முழுக்கச் சிவக்கும். பிறகு தானாகவே பச்சைக்கு வரும். அப்பாடா என்று எழுந்திருக்க முடியாது, பச்சைக்கு வந்த பிறகுதான் கூத்தே ஆரம்பிக்கும். ஒரு நாள் கொழுந்து எடை போடும் மெஷின் கணக்கை அனுப்பாது. மறுநாள் அது ஒழுங்காக ஓடும், ஆபீஸ் ஃபோன் ஊமையாகிவிடும். இன்னொரு நாள், சுற்றுலாக்காரர்கள் தங்கும் பங்களாவின் வைஃபைக்குள் ஆபீஸ் பிரின்டர் போய் உட்கார்ந்துகொண்டது. யாரோ ஒரு விருந்தாளி தன் பிள்ளைக்காகப் பிரின்ட் கொடுத்த டைனோசர் படம் மேனேஜர் மேஜையில் வந்து விழுந்தது.

கரண்ட் போகிறதோ என்று பார்த்தால் யூபிஎஸ் இருக்கிறது. பெட்டிதான் கெட்டுவிட்டதோ என்று புதுப் பெட்டி அனுப்பினேன். அதுவும் அதே ஆட்டம் ஆடியது. வயர்கள் துளை மாறி இருப்பதாகத் திரை காட்டியது. மாற்றியது யார் என்றுதான் தெரியவில்லை. திரை பொய் சொல்கிறதா, நான் பார்ப்பது தப்பா, ஒன்றும் புரியாமல் மண்டை காய்ந்தது.

அங்கே என்னிடம் ஃபோனில் பேச ஒரே ஒரு ஆள்தான். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண். டிகிரி முடித்தவள். அவளுடைய அம்மா இன்னும் அதே தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறார்.

“அம்மிணி, பொட்டியில இருக்கற ஒயரை யாராச்சும் மாத்திச் சொருகறாங்களா?”

“ஐயோ, யாருக்கா மாத்தப்போறா? அந்த ரூமுக்கு என்னையும் சாரையும் விட்டா வேற யாரும் வர மாட்டாக.”

“வேற ஏதாச்சும் வித்தியாசமா நடக்குதா?”

“ஒண்ணுமில்லக்கா. எப்பவும்போலத்தான்.”

அடுத்து மேனேஜர் கூப்பிட்டார். “அந்தப் பொண்ணு ஆபீசுக்கு வந்த பெறகுதாம்மா இந்தத் தொல்லை. நேர்ல வந்து பாருங்க. அவதான் காரணம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும், திங்கக்கிழமையில இருந்து அம்மாகூட கொழுந்தெடுக்கப் போகட்டும்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளை அனுப்புவது அவர், வார்த்தை மட்டும் என் வாயிலிருந்து வர வேண்டுமாம். கோயம்புத்தூர் போய், தேனி, கம்பம், குமுளி என்று பஸ் மாறி மாறிப் போகும்போது கோபம் தணிந்து பயம் வந்தது. நிஜமாகவே அவளாக இருந்தால் நான் என்ன சொல்வது?

போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். பெட்டியில் எல்லாம் பச்சை, எல்லாம் ஓடுகிறது. எதைச் சரிசெய்ய வந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் மூவரும் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தோம். மேனேஜர் அவளைப் பற்றி அவள் எதிரிலேயே குறை சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே மலை இருண்டது. எங்கோ ஓர் இடி. அடுத்தது கூரைமேலேயே விழுந்த மாதிரி இருந்தது. மேனேஜர் பேச்சை நிறுத்தாமலே எழுந்தார். பெட்டியிலிருந்த வயர்களை விறுவிறுவென்று உருவ ஆரம்பித்தார். அவள் மறுபக்கம் போய் மிச்சத்தை உருவினாள். மழை வந்தால் கொடியில் காயும் துணியை எடுப்பது மாதிரி, இரண்டு பேரும் அதை ஒரு வேலையாகவே நினைக்கவில்லை.

“ஏனுங்க சார், என்ன பண்றீங்க?”

“இடிவெட்டுதில்ல?” என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

எங்கள் பக்கம் ஐப்பசியில் வானம் கறுத்தால், ஒரு தூறலாவது விழாதா என்று வாசலில் நின்று பார்ப்போம். இங்கே இடி என்றால் வீட்டுக்கு வீடு பிளக்கையும் வயரையும் கழற்றுகிறார்கள். கழற்றாமல் விட்டு, எங்கள் கம்பெனி வருவதற்கு முன்னால் இருந்த பெட்டி ஒரு தடவை கருகிப்போயிருக்கிறது. இதையெல்லாம் ஒருவர் ஃபோனில் சொல்ல வேண்டும் என்று இங்கே யாருக்குத் தோன்றும்? கேட்க வேண்டும் என்று எனக்கும்தான் தோன்றவில்லை.

மழை விட்டதும் மேனேஜரே வயர்களை எடுத்து, கைக்கு வந்ததைக் கண்ணில் பட்ட துளையில் செருகினார்.

“எல்லா ஓட்டையும் ஒண்ணுதானம்மா?”

“இல்லீங்க சார். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு வேலைன்னு நான் அங்கிருந்தே பிரிச்சு வெச்சிருக்கறனுங்க. எடை மெஷினோடத ஃபோன் ஓட்டையில சொருகினா ரெண்டுமே ஓடாதுங்க.”

அவர் கையில் ஒரு நீல வயரோடு நின்றார். அவளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

“சார், காரணம் யாருன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னீங்களே,” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“டீ சொல்லட்டுமா?” என்று கேட்டுவிட்டு வெளியே போனார். திங்கட்கிழமைப் பேச்சு அதற்கப்புறம் எழவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

என் கைப்பையில் கலர் கலராக ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருந்தது. வயருக்கு ஒரு பொட்டு, அதே நிறத்தில் துளைக்கு மேலே ஒரு பொட்டு என்று இருவரும் உட்கார்ந்து ஒட்டினோம். இடி வந்தால் கழற்றுவதும் பொட்டைப் பார்த்துச் செருகுவதும் இனி அவள் மட்டும் செய்யும் வேலை என்று ஆனது.

அதற்குப் பிறகு மத்தியானத்தில் அந்த ஆபீஸ் சிவந்தால் எனக்குக் கவலை இல்லை. அவள் நாற்காலியில்தான் இருக்கிறாள் என்று அர்த்தம். ஆனால் ஒரு நாள் செல்போன் அங்கே பலத்த இடி என்று காட்டியது, திரையோ பச்சையாகவே இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பச்சையைப் பார்த்துப் பயந்தேன். வேறு ஏதாவது காரணம் சொல்லி மேனேஜர் அவளை அனுப்பிவிட்டாரா? இந்த இடியில் கொழுந்துக் காட்டில் நிற்கிறாளா? முதல் தடவை ஃபோனை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தாள்.

“எங்க அம்மிணி இருக்கற?”

“ஆபீஸ்லதான்க்கா. இடி இன்னும் மலைக்கு அங்கிட்டுத்தான் இருக்கு. ஒரு பொட்டு உதுந்துருச்சு, அதத்தான் ஒட்டிக்கிட்டு இருக்கேன்.”

ஃபோனுக்குள் இடி கேட்டது. “வைக்கேன்க்கா,” என்றாள். என் வாசலில் தேங்காய்ப் பருப்பு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பெட்டி முழுக்கச் சிவந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.