பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வீடு

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? கள்ளக்குறிச்சிக்கு வந்து சாலம்மாளைக் கேட்டுப் பாருங்கள். பட்டப்பகலில், மண்டையைப் பிளக்கும் வெயிலில் நடந்தது. ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

ஊர் மாவட்டத் தலைநகரானது. பெரிய ஆஸ்பத்திரி வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன தெருவுக்கு சிமென்ட் ரோடும், விளக்கும், குழாய்த் தண்ணீரும் வந்தன. நல்லதுதான், யார் வேண்டாம் என்றார்கள்? கூடவே வாடகையும் ஏறியது. அந்தத் தெருவில் சாலம்மாளுக்கு ஒரு சின்ன ஓட்டு வீடு. அதில் கல்வராயன் மலையிலிருந்து மூட்டை தூக்க வந்த கரியனும் அவன் மனைவி வெள்ளச்சியும் குடியிருந்தார்கள். வெள்ளச்சிக்கு எட்டு மாதம். அவர்களைக் காலி பண்ணச் சொன்னாள் சாலம்மாள்.

“மாசமா இருக்கறப்ப வூடு மாறக் கூடாதுங்கக்கா. ஆஸ்பத்திரியும் பக்கத்துல இருக்கு. புள்ள பொறந்ததும் போயிடறோம்” என்று வெள்ளச்சி கெஞ்சினாள்.

சாலம்மாள் அசையவில்லை. ஜாஸ்தி வாடகை தர ஒரு நர்ஸ் குடும்பம் காத்திருந்தது. தெருவில் வேறு எந்த வீடும் அந்த ஏழைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. மலைமேல் தங்கள் ஊரான கரியாலூருக்கே திரும்பிப் போனார்கள். சாலம்மாள் பின்கதவை அடைத்துச் சுவர் எழுப்பி, தரைக்கு டைல்ஸ் ஒட்டினாள்.

நர்ஸ் சாவி வாங்க வரும் நாள். மத்தியானம் பன்னிரண்டே கால். சாலம்மாள் பூட்டைத் திறந்தாள்.

உள்ளே மண்வாசனை. ஊரில் ஒரு தூறல்கூட இல்லை.

டைல்ஸ் மேல் ஈரக் காலடிகள். நடு அறையில்தான் தொடங்கின. வாசல் பக்கம் ஒன்றுகூட இல்லை.

ம்ம்... ம்ம்...

மூலையில் வெள்ளச்சி! வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புடவை சொட்டியது.

“எப்பிடிடி உள்ள வந்த? பூட்டிக்கினுல்ல போனேன்!”

“வலி வந்துடுச்சுக்கா... செத்த நேரம் இங்கியே இருந்துக்கறேன்...”

சாலம்மாள் ஓரடி பின்வாங்கினாள். ஆனால் வாசலில் ஆட்டோ வந்து நின்றதும் பயத்தைக் கோபம் முந்திக்கொண்டது.

“அவுங்க வந்துட்டாங்க. போடி வெளிய!”

வெள்ளச்சி அவளையே பார்த்தாள். மெல்ல எழுந்தாள். வாசலுக்கு வரவில்லை. பின்கதவு இருந்த பக்கம் நடந்தாள்.

அங்கே சுவர்.

சுவர் வரைக்கும் போனாள்...

அப்புறம் காணவில்லை.

நர்ஸ் உள்ளே வந்து தரையைப் பார்த்தாள். “இன்னாங்க, இப்பதான் கழுவி வுட்டீங்களா?”

சாலம்மாள் சாவியை அவள் கையில் திணித்துவிட்டு வெளியே ஓடினாள்.

மூன்றாம் நாள் கரியன் சாலம்மாள் வீட்டு வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை.

“முந்தாநாளு வலி வந்து, வெள்ளச்சிய ஆஸ்பத்திரிக்குத்தாங்க கூட்டிக்கினு வந்தேன். பாதி மலையில, மழையில ஜீப்பு மாட்டிக்கிச்சு. ரெண்டு உசுரும் தங்கல” என்றான்.

சாலம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணு கேக்கணுங்க. அன்னிக்கு மத்தியானம் போன்ல எதுனா பேசினீங்களா?”

“இல்லியே... ஏன்?”

“போனு என் சட்டப் பையிலதாங்க இருந்துச்சு. ஆனா அவ திடீர்னு கண்ணத் தொறந்து, ‘அக்கா போவச் சொல்லிட்டாங்க’ன்னா. அதுக்கப்புறம் மூச்சு வுடலைங்க.”