அப்பனப் பெத்தவ பேரென்ன?

சேனைக்கிழங்கு தராசில் ஏறிய பிறகுதான் சண்முகவடிவு வாயைத் திறந்தாள். "மகளுக்குக் கல்யாணமாமே, நல்லது. மாப்பிள்ளைக்கு அப்பனப் பெத்தவ பேரென்ன?"

வடசேரிச் சந்தையில் கிழங்கு விற்கும் ரத்தினத்துக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. தெரியாது என்றாள். "சரி, அம்மையப் பெத்தவ?" அதுவும் தெரியாது. "மாப்பிள்ளைக்க மாடு கண்ணு, வயலு வரப்பெல்லாம் தெரியும். பெத்தவளப் பெத்தவ பேரு தெரியாது. கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு." ஆளை அனுப்பினால் போதும் என்று ரத்தினம் ஒரு துண்டுக் கிழங்கைக் கூடுதலாகப் போட்டாள். வடிவு அதை எடுத்துச் சாக்கின் மேல் திருப்பி வைத்தாள். "கெழங்கு வேண்டாம். பேரக் கேட்டுச் சொல்லு. அடுத்த சந்தைக்கு வருவேன்."

வருவாள். அதுதான் தொல்லை. சுசீந்திரத்துக்கும் பறக்கைக்கும் இடையில் எந்த வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்தாலும் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். அழைக்காமலே போவாள். நாலு பாட்டிமார் பேரையும் கேட்பாள். இரண்டு பக்கமும் ஒரே பேர் வந்துவிட்டால் அந்த வீட்டில் அன்றைக்குக் காப்பி ஆறிப்போகும்.

நெட்டையான பெண். கறுப்பு. எட்டுக்கல் மூக்குத்தி. தொண்டையோ, சொல்ல வேண்டாம். தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று ஊரெல்லாம் ஊர்வலம் போன வருஷம், கோஷம் போட்டு வந்த கூட்டம் இவள் வீட்டு வாசலில் கொஞ்சம் தயங்கியது. உள்ளே இவள் மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ஏட்டீ, அழகீ" என்று அவள் போட்ட சத்தத்தில் கோஷம் எடுபடவில்லை. அந்த மகளுக்குக் காது கேட்காது. மகனுக்கும் கேட்காது. கேட்காத பிள்ளைகளை எதற்கு இப்படிக் கூப்பிடுகிறாய் என்று ஒருத்தி கேட்டதற்கு, "எனக்குக் கேக்கணும்லா" என்றாள்.

பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் அவள் நுழைந்தால் தாய்மார் பயப்படுவார்கள். தொட்டிலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு வெண்கலச் செம்பைத் தரையில் போடுவாள். பிள்ளை தூக்கிவாரிப்போட்டு வீரிட்டு அழும். தாய் ஓடிவந்து வாரி எடுத்து இவளை ஏசுவாள். வடிவு செம்பை எடுத்து நெளிவு பார்த்துக்கொண்டே, "அழட்டும். நல்லா அழட்டும்" என்பாள். அவள் முகத்தில் திருப்தி என்று ஒன்று தெரிவது அப்போது மட்டும்தான்.

மூத்தவள் அழகியநாயகிக்கு அப்படி யாரும் செம்பு போட்டுப் பார்க்கவில்லை. அமைதியான பிள்ளை, பொன்னான பிள்ளை என்று கொஞ்சினார்கள். நடக்கத் தொடங்கிய பிறகும் கூப்பிட்டால் திரும்பவில்லை. அப்போதுதான் வடிவு அவளைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போனாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஜெபமணி டாக்டரம்மா இருந்தார். லண்டனில் படித்தவர். குடும்பத்தில் வழிவழியாக வருகிற நோய்களைப் பற்றிப் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று சொன்னார்கள்.

டாக்டரம்மா நல்லவர். பொறுமையாகத்தான் கேட்டார். குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி உண்டா? இல்லை. வயிற்றில் இருக்கும்போது காய்ச்சல் வந்ததா? வந்தது. சொந்தத்தில் கெட்டினதா? "இல்ல, அந்நியம்" என்றாள் வடிவு.

அவள் பொய் சொல்லவில்லை. புருஷன் தாணப்பன் அவளுக்கு அத்தை மகன், அப்பனின் கூடப்பிறந்த பகவதியம்மாள் பெற்ற பிள்ளை. ஆனால் மருமக்கள்வழியில் ஊறின வீடு அது. பெண்வழிதான் குடும்பம், அப்பன் வேறு குடும்பத்து ஆள், அவனைச் சேர்ந்தவர்களும் வேறு குடும்பம். சட்டம் மாறி, சொத்து பாகம் பிரிந்து, ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. எண்ணுகிற வாய் மட்டும் மாறவில்லை. அம்மையின் வீட்டில் கெட்டினால் சொந்தம், அப்பன் வீட்டில் கெட்டினால் அந்நியம். லண்டனுக்கு இது எப்படித் தெரியும்? டாக்டரம்மாவுக்குத்தான் எப்படித் தெரியும்? "காய்ச்சலால வந்ததாக இருக்கும். அடுத்த பிள்ளை நல்லாப் பிறக்கும், பயப்படாம பெறு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வள்ளிநாயகம் பிறந்தான். இந்தத் தடவை வடிவு பொறுத்திருக்கவில்லை. தீட்டுக் கழிந்த அன்றே செம்பைப் போட்டாள். பிள்ளை கண்ணைக்கூட மூடவில்லை. இன்னொரு தடவை போட்டாள். பிறகு அண்டாவின் மூடியைப் போட்டாள். தெருவே ஓடி வந்தது. பிள்ளை விரலைச் சப்பிக்கொண்டு கிடந்தான்.

அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் ஆஸ்பத்திரியில் போய் நின்ற நிலையை அங்கே இருந்தவர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். டாக்டரம்மா அவளை உட்காரவைத்து, முதலிலிருந்து ஒவ்வொருவர் பேராகக் கேட்டார். காகிதத்தில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் போட்டுக்கொண்டே மேலே போனார். வடிவின் அப்பனைப் பெற்றவள் உமையம்மை. தாணப்பனின் அம்மையைப் பெற்றவளும் உமையம்மை. இரண்டு கோடும் ஒரே வட்டத்தில் போய் முட்டின. உமையம்மைக்கோ அவள் புருஷனுக்கோ இந்தக் குறை உள்ளே ஒளிந்து இருந்திருக்கும், நல்ல காதோடேயே வாழ்ந்து போயிருப்பார்கள், இரண்டு பக்கமும் வந்து சேர்ந்தால்தான் பிள்ளையில் வெளிப்படும், இது உன் குற்றம் இல்லை என்றார் டாக்டரம்மா.

"அண்ணைக்கே பேரக் கேட்டிருக்கலாம்லா" என்றாள் வடிவு.

"ஆமா. நான் கேட்ட விதம் தப்பு" என்றார் டாக்டரம்மா. அன்றிலிருந்து அவர் யாரிடமும் சொந்தமா என்று கேட்பதில்லை, பேரைத்தான் கேட்கிறார். ஆனால் வடிவு அவரை மன்னித்துவிட்டாள் என்று எண்ண வேண்டாம். மன்னிக்கிற ஜாதி அல்ல அவள். டாக்டரம்மா சொன்னதில் பாதியைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். முறையில் கெட்டினவர்களுக்குப் பெரும்பாலும் நல்ல பிள்ளைகள்தான் பிறக்கும் என்ற மற்றப் பாதி அவள் காதில் ஏறவே இல்லை. கொட்டாரம் என்ற ஊரில் ஒரு குறையும் இல்லாத குடும்பத்தில் நல்ல சம்பந்தம் ஒன்றைக் கலைத்துவிட்டு வந்தாள். டாக்டரம்மா கூப்பிட்டுக் கண்டித்தார். "நூத்துல ஒண்ணு ரெண்டுக்குப் பயந்து எல்லாரையும் வெரட்டுதியே." வடிவு சொன்னாள்: "அந்த ஒண்ணு ரெண்டும் எனக்க வீட்டில இருக்கு."

தாணப்பனைப் பற்றி ஒரு வரி போதும். நல்ல உழவன், யார் எதைச் சொன்னாலும் "உள்ளதுதான்" என்பான். பெண்டாட்டி கத்தினாலும் உள்ளதுதான், அம்மை முணுமுணுத்தாலும் உள்ளதுதான். அம்மை பகவதியம்மாள் முணுமுணுப்பது ஒன்றே ஒன்று: "அவளுக்க வயித்து தோஷம்." இதைக் கோயிலில் சொல்வாள், குளத்தங்கரையில் சொல்வாள், மருமகள் காதுபடச் சொல்வாள். மருமகள் அவளுக்கு அண்ணன் மகளும்தானே? அதனால் என்ன, தோஷம் வயிற்றில், குடும்ப வழியில் இல்லை என்பது அவள் கணக்கு.

இந்த வருஷம் அந்தச் சொல்லுக்கு ஒரு வேலை வந்தது. வடிவின் தங்கை சொர்ணத்தைத் தன் இளைய மகன் தாணுலிங்கத்துக்கு எடுக்க வேண்டும் என்று பகவதியம்மாள் அண்ணனிடம் கேட்டாள். அதே வீடு, அதே அத்தை, அதே உமையம்மை. ஊரில் ஒருத்தர் தயங்கி இழுத்தபோது பகவதியம்மாள் சொன்னாள், "மூத்தவளுக்கு வந்தா எளையவளுக்கு வரணுமா? அது அவளுக்க வயித்து தோஷம்லா." பார்த்தீர்களா சாமர்த்தியத்தை. குற்றம் முழுவதையும் வடிவின் வயிற்றில் வைத்துப் பூட்டிவிட்டால் இரண்டாவது கல்யாணத்துக்கு வழி சுத்தம்.

வடிவுக்குத் தலைக்குமேல் ஏறிவிட்டது. சொர்ணத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா கட்டமும் வட்டமும் போட்டுச் சொர்ணத்துக்கு விளக்கினார். குறை உன்னிடமும் ஒளிந்து இருக்கலாம், அவனிடமும் இருக்கலாம். இருவரிடமும் இருந்தால் பிள்ளைக்கு வரலாம். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வராமல் இருக்கத்தான் இடம் அதிகம். வரவே வராது என்று மட்டும் சொல்ல முடியாது.

"அப்போ கெட்டக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றாள் வடிவு.

"அத நான் சொல்லப்பிடாது. முடிவு சொர்ணத்துக்குள்ளது."

"எனக்கு மட்டும் பயப்படாம பெறுன்னு சொன்னியளே. அது யாருக்க முடிவு?"

டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அதனாலதான் இப்போ சொல்ல மாட்டேன்" என்றார். வடிவு எழுந்து வெளியே வந்துவிட்டாள். திரும்புகிற வழி முழுவதும் டாக்டரையும் லண்டனையும் ஏசிக்கொண்டே வந்தாள். சொர்ணத்துக்குத் தாணுலிங்கத்தைப் பிடிக்கும். அது வடிவுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் இவ்வளவு ஆத்திரம்.

இன்னொன்றும் உண்டு. அழகியநாயகிக்குக் கையால் பேசத் தெரியும். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அவளும் சித்தி சொர்ணமும் சேர்ந்து உண்டாக்கிய பேச்சு. நெற்றியில் இரண்டு விரல் வைத்தால் மாடு. உள்ளங்கையை நக்கினால் பாயசம். கழுத்து நரம்பைத் தொட்டுக் காட்டினால் அம்மை. வீட்டில் இந்தப் பேச்சு தெரியாத ஆள் வடிவு ஒருத்திதான். அவளுக்குக் கத்தத்தான் நேரம் இருந்தது.

நிச்சயதாம்பூலத்தன்று வடிவின் அப்பன் வீட்டு நடுமுற்றத்தில் தாம்பாளம் வைத்திருந்தார்கள். வடிவு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து, தாம்பாளத்துக்கு முன்னால் உட்காரவைத்தாள். மற்ற வீடுகளிலும் அப்படித்தான் செய்வாள். அழகியநாயகிக்கு வயது பதின்மூன்று; புதுப் பாவாடை கட்டியிருந்தாள். தன்னை எதற்குக் கூட்டிப்போகிறார்கள் என்று அவளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"பிள்ளைகளை அந்தால கூட்டிட்டுப் போ வடிவு. நல்ல காரியம் நடக்கட்டும்" என்றாள் பகவதியம்மாள். "உனக்க வயித்து தோஷத்துக்கு சொர்ணம் என்ன செய்வா?"

வடிவு பதில் சொல்லுமுன் உள்ளிருந்து சொர்ணம் வந்தாள். கல்யாணப்பெண் அப்படிச் சபையில் வந்து நிற்பது வழக்கமில்லை.

"அத்தை, உங்களப் பெத்தவ பேரென்ன?"

கேள்வி எல்லாருக்கும் தெரிந்த கேள்விதான். கேட்ட வாய்தான் வேறு.

"என்ன கேள்வியாக்கும் இது?"

"எனக்கு உங்க மகனக் கெட்ட சம்மதம். பிள்ளைக்குக் காது கேக்காமப் போனாலும் போகும். எனக்குப் பயமும் உண்டு. ஆனா அக்காவுக்க வயித்துல குத்தம் இல்ல. நாளைக்கு எனக்க வயித்துலயும் இருக்காது. உங்க அம்மைக்க பேரச் சொல்லுங்க. வந்தா அந்த வழியில வந்ததுன்னு இத்தன பேருக்கு முன்னால சொல்லுங்க. பொறவு தாம்பூலம் மாத்துங்க."

பகவதியம்மாள் அண்ணனைப் பார்த்தாள். அவர் மேல்துண்டைப் பார்த்தார். தாணப்பனைப் பார்த்தாள். முதல் தடவையாக அவன் தலையை நிமிர்த்தி, "சொல்லும்மா" என்றான்.

"உமையம்மை" என்றாள் பகவதியம்மாள். தாம்பாளத்தைப் பார்த்தே சொன்னாள். "அந்த வழிதான். வந்தா அந்த வழியிலதான்."

வருஷக்கணக்காகக் கேட்டுத் திரிந்த பதில் வந்துவிட்டது. வடிவுக்கு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. தங்கை அந்தப் பேரை வாங்கிக்கொண்டு அதே வீட்டுக்குள்தானே போகிறாள்? கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். "தெரிஞ்சாச்சுல்லா? தெரிஞ்சிட்டும் கெட்டுதியா? பாரு. நல்லாப் பாரு. இது மாதிரி ஒண்ணு வேணுமா உனக்கு? இது மாதிரி?" நீட்டிய விரல் அழகியநாயகியின் முகத்துக்கு நேரே நின்றது.

"அக்கா" என்றாள் சொர்ணம். "அவ உனக்க கையப் பாத்துக்கிட்டிருக்கா."

அழகியநாயகி எழுந்தாள். அம்மையின் நீட்டிய விரலைப் பிடித்தாள். அதை மெல்ல மடக்கி, மற்ற விரல்களோடு சேர்த்து மூடி, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். வடிவு கையை இழுத்தாள். பெண் விடவில்லை. முற்றத்தில் தாம்பூலம் மாறிற்று, யாரோ குரவையிட்டார்கள். திறந்த வாயோடு வடிவு நின்றுகொண்டிருந்தாள். மகள் அந்தக் கையை விடவே இல்லை.