பாதியில் எழுந்துபோன முதலாளி

என் தங்கச்சி மாப்பிள்ளை சோணைமுத்து குடித்துவிட்டுத் தறி மோட்டாரில் கை வைத்து ஷாக் அடித்துச் செத்தான் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வாய் கூசாமல் சொன்னார் அவன் வேலை பார்த்த தறியின் முதலாளி சமுத்திரம். ஆறு வருஷமாக அது என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. அவன் செத்தது புரட்டாசி சனிக்கிழமை. விரதம் இருந்து, சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றில் இருக்கிற பெருமாளைப் பார்க்கப் போக இருந்த மனுஷன். மோட்டார் வயர் தோலுரிந்து கிடக்கிறது என்று முதலாளியிடம் சொன்னதும் அவன்தான்.

தங்கச்சி கனகலட்சுமி ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற வேறொரு தறிக்கு வேலைக்குப் போய் மகள் மாரீஸ்வரியை வளர்த்தாள். தீபாவளிக்குத் தீபாவளி முதலாளி பால்கோவாவோடு வந்து, தெரு பார்க்கப் பிள்ளையின் தலையைத் தடவுவார். பால்கோவா நாய்க்குப் போகும்.

ஒரு வருஷம் பென்டிரைவ் ஒன்றும் கொடுத்தார். "கார்ட்டூன் படம். பிள்ளை சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும்."

பொம்மைப் படம் என்றாலே சிரிப்பு என்று நினைத்துவிட்டார். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

அதில் வேட்டைக்காரன் வைத்த பொறியில் அப்பா கரடி சாகிறது. அது தானாகக் கால் தவறி விழுந்தது என்று காடு முழுக்கச் சொல்லித் திரிகிறான். குட்டி நம்பவில்லை. கடைசியில் அதே பொறி அவன் காலைக் கவ்வுகிறது.

தாயும் மகளும் வாராவாரம் அதையே பார்த்தார்கள்.

"ஏட்டி, சின்னப் பிள்ளைக்கு இம்புட்டுச் சாவு எதுக்கு?" என்றேன்.

"இவ அப்பனுக்கு நடந்ததை நான் எப்படி வாயால சொல்லுவேன்? அந்தக் கரடிக்குட்டி சொல்லுதுண்ணே. பார்த்து அழுதுட்டு இவ நல்லாத் தூங்குதா."

அடுத்த தீபாவளிக்கு வந்தவரை நாற்காலி போட்டு உட்காரவைத்தாள்.

"நீங்க குடுத்த படந்தான் மொதலாளி. செத்த நேரம் பாருங்க."

அப்பா கரடி செத்தது. வேட்டைக்காரன் வாயைத் திறந்ததும் மாரீஸ்வரி அவர் பக்கம் திரும்பினாள்.

"பொய் சொல்லுதான் பாருங்க தாத்தா."

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். "பிள்ளைக்குக் காட்டுற படமா இது?"

"வாங்கிக் குடுத்தது நீங்கதான?" என்றாள் தங்கச்சி.

சோலி கிடக்கிறது என்று செருப்பை மாட்டினார். பொறவு அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

இந்த மாசியில் கனகலட்சுமிக்கு வயிற்றில் புற்று முற்றிவிட்டது என்றார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். பிள்ளையைப் பார்த்துக்கொள் என்பாள் என்று குனிந்தேன். அதை நான் செய்வேன் என்று அவளுக்குத் தெரியும் போல.

"அண்ணே, என் பதினாறாம் நாளுக்கு அந்த ஆளு ஊருக்காக வருவான். முன்னால நாற்காலி போடு. அன்னைக்கு விட்ட எடத்துலருந்து படத்தைப் போடு. பொறி காலைக் கவ்வுத வரைக்கும் எந்திரிக்க விடாத."