பானைக்குப் பதில்

எங்கள் அலுவலகத்தில் பானை என்றால் சோறு பொங்குவது இல்லை. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் தானே உட்கார்ந்து எழுதிய ஃப்ரேம்வொர்க்குக்கு நாங்கள் வைத்த பேர் அது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மென்பொருளை அடியிலிருந்து எழுதிக்கொண்டிருந்தால் ஆயுசு போதாது. ஆளை உள்ளே விடுவது, பதிவது, தேடுவது, அச்சடிப்பது என்று எல்லாருக்கும் பொதுவான வேலைகளை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும் ஆளுக்குத் தக்கபடி கட்டலாம். அதற்குத்தான் ஃப்ரேம்வொர்க். அவள் அம்மாவுக்குச் சொந்த ஊர், ரங்கூனுக்குப் பக்கத்தில் மண்பானைக்குப் பேர்போன த்வாண்டே. "த்வாண்டே பானை மாதிரிண்ணே. அரிசியும் போடலாம், தண்ணியும் புடிக்கலாம்" என்று ஒருநாள் சொன்னாள். பேர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பானை வேண்டாம் என்று ஒதுக்கியவன் நான். அதை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது, பானைக்காகக் கொஞ்சம், அவளுக்காக நிறைய.

ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில்தான் அலுவலகம். கடையும் மாடியும் எங்கள் முதலாளியுடையது. தமிழ்நாட்டுக் கடலோரத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்த முஸ்லிம் குடும்பம் அவருடையது. பர்மிய வழக்கப்படி நாங்கள் அவரை சயா என்போம். வாத்தியாருக்கும் அந்தச் சொல்தான், முதலாளிக்கும் அந்தச் சொல்தான். தன் கடைக்கு ஒரு மென்பொருள் வேண்டும் என்று ஆரம்பித்தவர், தெரிந்த கடைக்காரர்களும் கிளினிக்காரர்களும் கேட்கக் கேட்க அதையே இரண்டாவது தொழிலாக்கிக்கொண்டார். வேலை செய்தது நானும் அவளும்தான். என் முன்னோர் ரயில்வேயில் மண் சுமக்க வந்தவர்கள். அந்த வம்சத்தில் கம்ப்யூட்டர் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்ற மிதப்பு எனக்கு உண்டு. அவளும் அதே படிப்புதான், எனக்குச் சில வருஷம் பின்னால். தாகேதாவிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவாள். தமிழில் ஆரம்பித்த பேச்சைப் பர்மியத்தில் முடிப்பாள். வாய் கொஞ்சம் நீளம். நான் எழுதிய புரோகிராமைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது ஓடுதா, நொண்டுதா?" என்பாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். சிரித்து மழுப்பிவிடுவேன்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். ஊருக்குள் பல இடங்களில் கிளை வைத்திருந்த ஒரு கிளினிக்கிலிருந்து பெரிய வேலை வந்தது. சயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, இதையும் பானையிலயே ஆக்குறதா, வெளிநாட்டுச் சாமான் எதையாச்சும் எடுக்குறதா? ஒப்பிட்டுப் பாத்து ஒண்ணச் சொல்லு."

"அந்தப் பொண்ணையும் வச்சுப் பாக்கலாமே சயா."

"பானை அவ பெத்த புள்ளைல்ல? பெத்தவகிட்டயே மார்க் போடச் சொன்னா எப்புடி?"

நியாயமான பேச்சுதான். என் தலையும் கொஞ்சம் கனத்துவிட்டது. அவள் பிள்ளைக்கு மார்க் போடும் அதிகாரம் எனக்கு வந்திருக்கிறதே!

அப்போது அலுவலகத்தில் இணையம் கிடையாது. இணையக் கடையில் போய் உட்கார்ந்து, அரசாங்கம் அடைத்து வைத்திருந்த பக்கங்களைச் சுற்றுவழியில் திறந்து, இறக்கியதையெல்லாம் சிடியில் போட்டு எடுத்து வருவேன். கடைசியில் இரண்டைப் பொறுக்கினேன். ஒன்று ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது, பெரிய கம்பெனிகள் வைத்துக்கொள்ளும் வகை. இன்னொன்று பிஎச்பி என்ற மொழியில் எழுதியது, அந்தச் சமயத்தில் இணையத்தில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தது. பானையோடு சேர்த்து மூன்று. ஒரே சின்ன வேலையை மூன்றிலும் கட்டிப் பார்ப்பதென்று வைத்துக்கொண்டேன். நோயாளியைப் பதிய வேண்டும், மறுபடி வந்தால் தேடி எடுக்க வேண்டும், சீட்டு அச்சடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜாவா முதல் நாளே விழுந்துவிட்டது. எங்கள் பக்கம் மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். பர்மியத்தில் மின்சாரத்தை மீ என்பார்கள். ஒவ்வொரு முறை மீ போய் வந்த பிறகும் அந்த ஜாவா ஃப்ரேம்வொர்க் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்திருப்பதற்குள் நான் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். எங்களிடமும் கிளினிக்கிலும் இருந்த பழைய கம்ப்யூட்டர்களுக்கு அது தாங்காத பாரம்.

பிஎச்பிக்காரன் நல்லவன். எதை எங்கே வைக்க வேண்டும் என்று ஒழுங்கு இருந்தது. எந்தச் சந்தேகம் வந்தாலும் உலகத்தில் எவனோ ஒருவன் பதில் எழுதி வைத்திருந்தான். நான் எழுதியது எனக்கே அழகாகத் தெரிந்தது.

பானையில் அழகு கிடையாது. ஆனால் பாதித் தட்டச்சில் மீ போனால், திரும்பி வரும்போது அந்தப் பாதி அப்படியே காத்திருந்தது. இன்னொன்றையும் அவள் செய்து வைத்திருந்தாள். ரங்கூனில் எங்கள் ஆட்களுக்கு வீட்டில் ஒரு தமிழ்ப் பேர், அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பேர். கிளினிக்கில் அட்டைப் பேரைக் கொடுத்துவிட்டு, அடுத்த தடவை மறந்துபோய் வீட்டுப் பேரைச் சொல்வார்கள். வெளிநாட்டு ஃப்ரேம்வொர்க் முதல் பேர், குடும்பப் பேர் என்று கேட்டது. பர்மியர்களுக்குக் குடும்பப் பேரே இல்லை, எங்களுக்கோ பேரே இரண்டு. பானையில் மட்டும் எந்தப் பேரைச் சொன்னாலும் ஆள் வந்துவிடும். இதெல்லாம் மாற்றி எழுதிக்கொள்ளக்கூடியதுதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மாற்றி எழுத எத்தனை நாளாகும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

பானையின் பெரிய குறை ஒன்றுதான். விளக்கக் குறிப்பு என்று ஒரு வரி கிடையாது. எங்கே என்று கேட்டால் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினாள். "இங்க இருக்குண்ணே. மீ போனாலும் அழியாது."

அந்த வாரம் ஒருநாள் மத்தியானம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். சமூசாவைப் பிய்த்துப் போட்டுப் புளிப்பாகக் குழம்பு ஊற்றித் தருவார்களே, அதை இரண்டு கிண்ணம் வாங்கியிருந்தோம். அவள் சாதாரணமாக, சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்பெனி தன்னை வேலைக்குக் கூப்பிட்டதாகவும், வரவில்லை என்று எழுதிவிட்டதாகவும் சொன்னாள்.

"பைத்தியமா நீ? ஏன்?"

"பானைய யாருண்ணே பாத்துக்குவா? இத்தன கடைல ஓடுது. நான் போயிட்டா சயா என்ன பண்ணுவாரு?"

"அவர்கிட்ட சொன்னியா?"

"ஐயோ, சொல்லாதீங்க. ஆனாடே."

ஆனாடே என்ற பர்மியச் சொல்லை ரங்கூன் தமிழர்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். என்னால் அடுத்தவருக்கு ஒரு சங்கடம் வரக்கூடாது, அவர் எனக்குக் கடன்பட்டதாக நினைத்துவிடக்கூடாது, அதனால் என் வாயால் சொல்ல மாட்டேன் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்த எவனுக்கும் இன்னொன்றும் தெரியும். ஆனாடே என்று ஒருவர் வாயை மூடிக்கொண்டால், வேண்டிய நேரத்தில் அவருக்காகப் பக்கத்திலிருப்பவன் பேச வேண்டும். அப்படித்தான் அந்த ஊரில் காரியம் நடக்கும். என் தங்கைக்கு வரன் பேசும்போதும் என் அப்பாவுக்காக அப்படித்தான் அடுத்த வீட்டுக்காரர் பேசினார்.

முடிவு சொல்லும் நாள் வந்தது. சயாவின் மேஜைக்கு முன்னால் நானும் அவளும். நான் மூன்றையும் விளக்கினேன். ஜாவாவைத் தள்ளினேன். பானையின் நல்லதையும் மறைக்காமல் சொன்னேன், அதில் நான் பொய் சொல்லவில்லை. சயா தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"எல்லாம் சரி தம்பி. நாளைக்கு இந்தப் பொண்ணு சிங்கப்பூர் கிங்கப்பூர்னு பறந்துடுச்சுன்னா? பானைய வச்சுக்கிட்டு நாம என்ன பண்றது?"

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே ஒரு வாக்கியம் போதும். 'சயா, கூப்பிட்டும் போகாமல் இருக்கிறாள்' என்று சொன்னால் பானை பிழைத்துவிடும். சொல்லாதீங்க என்றாளே, வாக்கை மீறலாமா என்று பெரிய யோக்கியன் மாதிரி எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். அதற்கு அடியில் கிடந்தது வேறு. பானையில் நான் என்றைக்கும் இரண்டாவது ஆள். பிஎச்பியில் நான்தான் முதல் ஆள், அவள் என்னிடம் கேட்டுப் படிக்க வேண்டும். நொண்டுதா என்று இனி யாரைப் பார்த்துக் கேட்பாள்?

"அதான் சயா பானையோட குறை" என்றேன்.

"அப்ப அந்தப் பிஎச்பிதான்?"

"அதுதான் நல்லது சயா."

சயா அவளைப் பார்த்தார். அவள் சிரித்தபடி தலையாட்டினாள். வெளியே வந்ததும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அன்று மத்தியானம் டீக்கடைக்குக் கூப்பிட்டேன், வேலை இருக்கிறது என்றாள். நிஜமாகவே வேலை இருந்தது. என் சிடியை வாங்கி பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கைப் படிக்க ஆரம்பித்திருந்தாள்.

என்னைவிட நன்றாகவே கற்றுக்கொண்டாள். கிளினிக் வேலையை முடித்தோம். பிறகு பானையில் ஓடிக்கொண்டிருந்த கடைகளையும் ஒவ்வொன்றாக மாற்றினோம். மாற்றியது பெரும்பாலும் அவள்தான். தான் எழுதியதைத் தானே பிரித்துப்போட்டாள். ஒரே ஆளுக்கு இரண்டு பேர் இருக்கும் விஷயத்தையும், பாதியில் மீ போகும் விஷயத்தையும் புதிதில் கொண்டுவரப் பல மாதம் பிடித்தது. அந்த மாதங்களில் கிண்டலும் கேலியும் நின்றுபோயின. நான் எழுதியது நொண்டியபோதுகூட அவள் ஒன்றும் சொல்லாமல் திருத்திவிட்டுப் போனாள். அந்த அமைதிதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. தேர்ந்தெடுத்தது தப்பில்லை, உலகமே இதைத்தான் செய்கிறது என்று எத்தனை முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்தும் மனசு கேட்கவில்லை.

அந்த பிஎச்பி ஃப்ரேம்வொர்க் எனக்கு ஒரு நன்மை செய்தது. சிங்கப்பூரில் அது தெரிந்த ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். விண்ணப்பித்தேன், கிடைத்துவிட்டது. போக மாட்டேன் என்றவளைப் போய்விடுவாள் என்று தள்ளிவைத்துவிட்டு, போகிறவன் நானானேன்.

சயாவிடம் சொல்லப் போனேன். அவருக்கு முகமே செத்துவிட்டது.

"நீயா தம்பி? நீ போவன்னு நான் நெனைக்கவே இல்ல. அந்தப் பொண்ணு போயிடும்னு பயந்துதான் பானையையே விட்டேன்."

எனக்குத் தாங்கவில்லை. அத்தனை மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததைக் கொட்டிவிட்டேன். அவளைச் சிங்கப்பூரில் கூப்பிட்டார்கள், உங்களுக்காகவும் பானைக்காகவும் போகவில்லை, அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு லேசானது. பாவமன்னிப்புக் கிடைத்த மாதிரி ஒரு சுகம். சயாவின் கண் கலங்கிவிட்டது. உடனே அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, எனக்காகவா போகாம இருந்த? எனக்குத் தெரியாமப் போச்சே. இனிமே இந்த எடம் உன்னோடதும்மா. தம்பியும் போறான். உன்ன விட்டா எனக்கு ஆளில்ல. இருப்பல்ல?"

"இருக்கேன் சயா" என்றாள் அவள்.

மாடிப்படியில் என்னை நிறுத்தினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை.

"எதுக்குண்ணே இப்பச் சொன்னீங்க?"

"உனக்கு நல்லதுக்குத்தான்..."

"எனக்கு பாங்காக்குல வேலை கெடைச்சிருக்கு. பானைதான் போயிடுச்சே, இனி என்னன்னு ஒத்துக்கிட்டேன். இன்னைக்குச் சாயங்காலம் சயாகிட்டச் சொல்றதா இருந்தேன். அவரு கண்ணு கலங்கி நிக்கும்போது எப்புடிண்ணே சொல்றது? ஆனாடேல்ல?" மூச்சு வாங்கினாள். "அன்னைக்குச் சொல்லியிருக்கணும், சொல்லல. இன்னைக்கு வாயத் தொறந்திருக்கக் கூடாது, தொறந்துட்டீங்க."

நான் போய் சயாவிடம் பேசட்டுமா என்று கேட்டேன். அவருக்காகவும் எனக்காகவும் நீங்கள் பேசியது போதும், இத்தோடு விட்டுவிடுங்கள் என்று பர்மியத்தில் சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டாள்.

அதே மாதம் நான் விமானம் ஏறினேன். அவள் பாங்காக் போகவில்லை. நான் தேர்ந்தெடுத்த ஃப்ரேம்வொர்க்கை, அந்த மாடியில் தனியாக உட்கார்ந்து, பல வருஷம் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.