ஆளில்லாத சம்பான்: தோட்டப் பிள்ளைகளோடு பினாங்குப் படக்காட்சிக்கு

தாசேக் கெலுகோருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பினாங்கில் ஓவியர்கள் சிலர் சேர்ந்து படக்காட்சி வைத்திருப்பதாகவும், சனிக்கிழமைக் காலையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் மட்டும் ஒதுக்கியிருப்பதாகவும் காதர் சார் சொல்லியனுப்பினார். அவர் பட்டணத்து ஆங்கிலப் பள்ளி ஒன்றில் ஆசிரியர். அப்போது தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. சுவரில் மாட்டிய படத்தைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டுமா என்று தோட்டத்தில் கேட்காதவர் இல்லை. இருந்தும் ஒன்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பெண் வாத்தியார் தனியாகப் போகக் கூடாது, ஆண் துணை வேண்டும் என்று தோட்ட அலுவலகத்துப் பெரிய கிராணி சொல்லிவிட்டார். ரப்பர் மரங்களில் பால் வெட்டும் மாரிமுத்து வர ஒப்புக்கொண்டார். அவர் மகள் அஞ்சலை என்னிடம் நான்காம் வகுப்பு படிக்கிறாள். பண்டிகை கழிந்ததும் அவளைப் புல்வெட்டு வேலைக்கு அனுப்புவதாக முன்பே முடிவு செய்திருந்தார்.

“வேலைக்குப் போறதுக்கு முன்னால ஒரு தடவ பட்டணத்தப் பாத்துக்கட்டும், வாத்தியாரம்மா. அதோட சரி” என்றார்.

இதைப் பற்றி அவரிடம் இரண்டு முறை வாதாடித் தோற்றிருந்தேன். மூன்றாம் முறைக்கு மனம் வரவில்லை.

காலை ரயிலில் ஏறிக் கடலோரத்துப் பிறையில் இறங்கினால் ரயில்வே ஃபெர்ரி காத்து நிற்கும். அக்கரை சேர அரை மணிக்குச் சற்றுக் குறைவாகும். பிள்ளைகளை நடுப்பலகைகளில் உட்கார வையுங்கள். கம்பி ஓரம் விட்டால் பாதி உடல் கடலுக்கு மேல் தொங்கும். துறைமுகத்தில் ரிக்‌ஷாக்காரர்கள் மொய்த்துக்கொள்வார்கள், ஆனால் பாடாங் திடல் வரை நடந்தே போய்விடலாம். படக்காட்சி நடந்த மண்டபம் திடலுக்குப் பக்கத்தில்தான்.

மண்டபம் முழுக்க அழைத்துச் சென்று காட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். எங்களை வரவேற்ற ஓவியர், ஒரு சீனப் பெண்மணி, பிள்ளைகளை ஒரே ஒரு படத்தின் முன் தரையில் உட்கார வைத்துத் தானும் அருகில் உட்கார்ந்தார். அவர் வரைந்த படம்தான் அது. நீர் வடிந்த கரையில் ஒரு சம்பான் நிற்கிறது. படகில் ஆளில்லை.

“அப்பா நம்பாக்?” என்று கேட்டார்.

எங்களில் மிகச் சின்னவன் உடனே திரும்பி, கதவோரம் குடையோடு நின்ற மாரிமுத்துவைக் கை காட்டி, “அஞ்சலையோட அப்பாதான், அதோ” என்றான். என்ன தெரிகிறது என்பதற்கு மலாய் அது என்று எங்களுக்காக அங்கே வந்திருந்த காதர் சார் விளக்கியதும் மண்டபமே சிரித்தது. பிள்ளைகளின் பயம் அதோடு போயிற்று.

மறுபடி கேள்வி வந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. நானே ஏதாவது சொல்லிவிடலாமா என்று தவித்தேன். ஓவியர் சும்மா காத்திருந்தார்.

“ஆளு இல்லாத சம்பான்” என்றான் ஒருவன்.

“ஆளு இருக்காரு” என்றாள் அஞ்சலை. “சோறு வாங்கப் போயிருக்காரு. கயித்த ஒரு சுத்துதான் சுத்தியிருக்கு. சீக்கிரம் வந்துருவாரு.”

காதர் சார் ஆங்கிலத்தில் சொன்னார். எத்தனை பேருக்குச் சோறு என்று ஓவியர் கேட்டார்.

“ரெண்டு பேருக்கு. பலகையில துணி விரிச்சிருக்கே, அது இன்னொருத்தருக்கு.”

“யாருக்கு?”

அஞ்சலை நெடுநேரம் படத்தையே பார்த்தாள். “தெரியல. அவங்க இன்னும் வரல.”

வேறு பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் இதற்குள் எங்களைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஓவியர் தன் படத்தைப் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் விழுவதைக் காட்ட ஒரு துணி வேண்டும் என்றுதான் அதை வரைந்தாராம். அதில் உட்கார ஒருவர் வரப்போவது இனி தனக்கும் மறக்காது என்றார். கதவோரம் பார்த்தேன், மாரிமுத்துவைக் காணோம். அவர் பிள்ளைகளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

பிறகு எல்லோருக்கும் தாளும் கரித்துண்டும் கொடுத்தார்கள்.

“எனக்குமா?” என்று கையை இழுத்துக்கொண்டார் மாரிமுத்து.

“பெரியவங்களுக்கும்தான் லா, அண்ணே. சும்மா கிறுக்குங்க” என்றார் காதர் சார்.

மாரிமுத்து வரைந்த ஆடு நாயைப் போல இருந்தது. அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு இரண்டு கொம்பு சேர்த்தார். அப்போதும் அது நாய்தான்.

ஓவியர்கள் ஆசிரியர்களுக்குத் தனியாக அரை மணி நேரம் பேசினார்கள். படத்தின் பெயரை முதலில் சொல்லாதீர்கள், கேளுங்கள், கேட்டபின் பொறுங்கள் என்பதுதான் சாரம். இவ்வளவு எளிய விஷயம் எனக்கு எந்தப் பயிற்சியிலும் கிடைத்ததில்லை. ஒரே குறை, எல்லாம் ஆங்கிலத்திலும் மலாயிலும்தான் நடந்தது. காதர் சார் இல்லாவிட்டால் அஞ்சலை சொன்னது அங்கே யாருக்கும் எட்டியிருக்காது.

திடலின் மர நிழலில், தோளில் கூடை சுமந்து வந்த நாசி கண்டார்க்காரரிடம் சோறும் மீன்குழம்பும் வாங்கிச் சாப்பிட்டுத் திரும்பினோம். ஃபெர்ரியில் மாரிமுத்து என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“அவ பேசுனப்ப யாருமே குறுக்க பேசல. கவனிச்சீங்களா, வாத்தியாரம்மா?”

“கவனிச்சேன்.”

“வீட்ல நான்கூட அவ்வளவு நேரம் கேட்டதில்ல.” குடையை மடியில் கிடத்திக்கொண்டார். “நம்ம பள்ளிக்கூடம் எத்தனாவது வரைக்கும் இருக்கு?”

“ஆறாவது வரைக்கும்.”

“அத முடிக்கட்டும். அவ அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்.”

போக நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சில வார்த்தைகள். ஓர் ஆசிரியருக்கு ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். குடையும் குடிதண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் மாற்றிச் சொல்ல ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். படங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிடும் ஆசையை விடுங்கள், சம்பான் படத்தோடு சேர்த்து நாங்கள் பார்த்தது மூன்றைத்தான். முடிந்தால் பெற்றோரில் ஒருவரை அழைத்துப் போங்கள். தன் பிள்ளை பேசுவதைப் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்பதை அவர் பார்க்க வேண்டும்.

தீபாவளி கழிந்து பள்ளி திறந்த அன்று, வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. முதலில் பேசியது அஞ்சலைதான்.