சோணையம்மாள் பாடின அஞ்சு வார்த்தை

எங்க அக்கா சோணையம்மாளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனா நடவுக்குப் போற முப்பது பொம்பளைக பேரு, யாரு எந்த வயலு, எந்தக் கிழமை, அம்புட்டையும் பாட்டாக் கட்டி மனசுல வச்சிருப்பா. நோட்டு வச்சிருக்கிற ஆம்பளைகளே அவகிட்டத்தான் கேப்பாக.

போன ஐப்பசியில, முந்தாநாள் நட்டு முடிச்ச வயலுக்கே ஆளுகளைக் கூட்டிட்டுப் போயி எறங்கச் சொல்லிட்டா. வரப்புல நின்னு எல்லாரும் சிரிச்சாளுக. நான் மட்டும் சிரிக்கல. ஏன்னா வீட்லயும் தண்ணி ஊத்தாம அரிசியை அடுப்புல வச்சா. தாளிச்சுட்டு, அடுப்பை அணைக்காம வாசல்ல போயி நின்னா.

அவ புருசன், மச்சான் சிவபாண்டிகிட்டச் சொன்னேன். "பொம்பளைக்கு அம்பது தாண்டுனா இப்படித்தான் கிறுக்குப் பிடிக்கும்"னாரு. வண்டிச் சாவி ஒருக்காத் தொலைஞ்சதுக்கு மண்டையை ஸ்கேன் எடுத்துப் பாத்த மகராசன் அவரு! விடுவேனா? சண்டை போட்டு கே.கே. நகர்ல ஒரு டாக்டர்கிட்ட ரெண்டு பேரையும் இழுத்துட்டுப் போனேன்.

டாக்டர் அஞ்சு வார்த்தை சொன்னாரு. குடை, யானை, வேப்பமரம், சாவி, தயிர். வேற என்னென்னமோ பேசிட்டு, அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னாரு. அக்கா நடவுப் பாட்டு மெட்டுல அஞ்சையும் பாடிட்டா. டாக்டருக்கே சிரிப்பு. "ஞாபகத்துல பொம்பளைங்களை அடிச்சுக்க முடியாது. இவங்களுக்கு ஒண்ணுமில்ல"ன்னாரு. அடுப்பு விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டாக. பாவி நானும் கும்பிட்டு எந்திரிச்சுட்டேன். வர்ற வழியில சந்தோசமா அவளுக்குப் பருத்திப்பால் வேற வாங்கிக் குடுத்தேன்.

மூணாவது வாரம் அடுப்படியில முந்தானை தீப்பிடிச்சிருச்சு. கையெட்டுற தூரத்துல குடம் நிறையத் தண்ணி. அடுத்து என்ன செய்யணும்னு தெரியாம அப்படியே நின்னுருக்கா. கத்தக்கூட இல்ல.

தீக்காய வார்டுல ஒரு டாக்டரம்மா எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுச்சு. "இவங்களுக்கு ஞாபகம் கெடல. ஒண்ணு முடிஞ்சா அடுத்தது என்னன்னு திட்டம் போடுற மூளைதான் கெட்டிருக்கு. பொம்பளைங்க பொதுவா சொன்ன வார்த்தையை விடாமத் திருப்பிச் சொல்லிருவாங்க, அதுல நோய் மறைஞ்சுரும். ஒரு வேலையைச் செய்யச் சொல்லிப் பாத்திருக்கணும்"னுச்சு. மச்சான் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

சாயங்காலம் அவ கண்ணைத் தொறந்தா. "அக்கா, என்னையத் தெரியுதா?"ன்னேன்.

என்னையே பாத்தா. வெந்த உதட்டை அசைச்சு, அதே மெட்டுல, குடை, யானை, வேப்பமரம், சாவி, தயிர்னு பாடி முடிச்சா.

"சரியாச் சொல்லிட்டேன்ல? வீட்டுக்குப் போவமா?"ன்னு கேட்டா.

அஞ்சும் சரியாத்தான் இருந்துச்சு.